இறக்கையின் மூக்கில் எதைப் போர்த்துவது? தகடு, பிளைவுட், ஃபோம்: ஓர் ஒப்பீட்டு விமர்சனம்

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் எஞ்சின் தேர்வுக்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இறக்கையின் மூக்கான முன்விளிம்பு என்று வரும்போது மட்டும், ஸ்பாரும் (இறக்கையின் நீளவாக்கு உத்தரம்) ரிப்பும் (அதன் குறுக்கே நின்று வடிவம் தரும் சட்டம்) கோத்து முடித்த பிறகு, "மேலே ஒரு தகட்டைச் சுற்றினால் முடிந்தது" என்ற அளவில் யோசனை நின்றுவிடும். காற்று முதலில் வந்து முட்டுகிற இடம் அது. ஸ்டால் (இறக்கை தூக்கு விசையை இழப்பது) எந்த வேகத்தில் வரும், சொல்லிக்கொண்டு வருமா, சட்டென்று வருமா என்பதில் மூக்கின் வளைவுக்குப் பெரிய பங்கு உண்டு. மூக்கில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வரும் கேடு, பின்விளிம்புப் பக்கம் அதைப்போல் பல மடங்கு பிசகினாலும் வராது.

கடைக்குப் போகுமுன் வரைபடத்தில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: உங்கள் இறக்கையில் முன்விளிம்பு சுமை தாங்குகிறதா, வடிவம் மட்டும் கொடுக்கிறதா? இரண்டு ஸ்பார், நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இழுவைக் கம்பிகள், கீழிருந்து ஸ்ட்ரட் எனும் தாங்கு கம்பம் என்று இருந்தால் (பைப்பர் ஜே-3 கப் இந்த வகை) முறுக்கத்தை ஸ்பார்களும் ஸ்ட்ரட்டும் பார்த்துக்கொள்ளும். மூக்குத் தகடு வெறும் போர்வை. ஒரே முதன்மை ஸ்பார், அதன் முன்னால் மூடிய தோல் என்று இருந்தால், அந்தத் தோலும் ஸ்பாரின் வெப் என்ற நடுச்சுவரும் சேர்ந்து 'டி' எழுத்து வடிவக் குழாயாகி, இறக்கையின் முறுக்கம் முழுவதையும் தாங்குகின்றன. பழைய மரக் கிளைடர்கள் பெரும்பாலும் இப்படித்தான். முதல் வகையில் பொருளை மாற்றினால் எடையும் அழகும் மாறும். இரண்டாம் வகையில் வடிவமைப்பாளரைக் கேட்காமல் மாற்றினால் இறக்கையின் கட்டமைப்பே மாறிவிடும். ஃபிளட்டர் (காற்றில் இறக்கை தானாகப் படபடத்து அதிர்வது) கணக்கெல்லாம் காலி. இனி வரும் ஒப்பீட்டில் 'மாற்றலாம்' என்று சொல்வதெல்லாம் முதல் வகைக்குத்தான்.

ஒப்பிட ஒரு மாதிரி இறக்கை வேண்டும். இரு பக்கமும் சேர்த்து 8 மீட்டர் நீளம், நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை அகலம்) 1.4 மீட்டர், தடிப்பு நாணில் 12 சதவீதம், முன் ஸ்பார் நாணின் கால் பங்கில் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பாரின் மேல்விளிம்பிலிருந்து மூக்கைச் சுற்றிக் கீழ்விளிம்புவரை, ஒட்டும் ஓரமும் சேர்த்து, ஏறக்குறைய 80 செ.மீ. அகலம் வரும். ஆக 6.4 சதுர மீட்டர். நாகா என்ற பழைய அமெரிக்க ஆய்வு அமைப்பின் நான்கு இலக்க இறக்கை வடிவ வரிசையில் மூக்கு ஆரத்துக்குச் சூத்திரம் உண்டு: தடிப்பு விகிதத்தின் வர்க்கத்தை 1.1019-ஆல் பெருக்கினால் நாணின் எத்தனை பங்கு என்று வரும். 12 சதவீதத்துக்கு 1.59 சதவீதம், அதாவது நம் இறக்கையில் 22 மி.மீ. 4412 ஆனாலும் ஐந்து இலக்க 23012 ஆனாலும் தடிப்புப் பரவல் ஒன்றே என்பதால் ஆரமும் இதுதான். இந்த 22-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை இதோடுதான்.

அலுமினியத் தகடு

துணி போர்த்திய இறக்கைகளுக்கு அதிகம் வாங்கப்படுவது இதுதான். கடையில் மூன்று கலவைகள் எதிரே வரும்: 3003-ஹெச்14, 6061-டி6, 2024-டி3. தடிப்பு 0.016, 0.020, 0.025 அங்குலம், மில்லிமீட்டரில் 0.41, 0.51, 0.64. நம் 6.4 சதுர மீட்டருக்கு எடை முறையே 7.2, 9, 11.3 கிலோ.

'வலுவான கலவை வாங்கினால் மெல்லிய தகடே போதும்' என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூக்குத் தகடு கெடுவது அறுந்துபோய் அல்ல. ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவே உள்வாங்கித்தான் கெடுகிறது. அதைத் தடுப்பது வலிமை இல்லை, விறைப்பு. விறைப்பு விஷயத்தில் எல்லா அலுமினியமும் ஒன்றே: மீள்தன்மைக் குணகம் எதை எடுத்தாலும் 69 முதல் 73 கிகாபாஸ்கலுக்குள்தான். 3003-க்குப் பதில் 2024 வாங்கியதால் உள்வாங்கல் குறையாது. தடிப்பு கூடினால் குறையும், அதுவும் மூன்றாம் படியில். 0.016-லிருந்து 0.020-க்குப் போனால் எடை கால் பங்கு கூடும், விறைப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். 0.025 என்றால் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

கலவை கைகொடுப்பது வேறு இடத்தில்: பள்ளம் விழுவதில். நெளிவு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) 3003-ஹெச்14-க்கு 145 மெகாபாஸ்கல், 6061-டி6-க்கு 275, 2024-டி3-க்கு 345 அளவில். 3003-இல் கட்டைவிரலை ஊன்றினால் தடம் நிற்கும். ஹேங்கரில் யாராவது இறக்கையின் மூக்கைப் பிடித்துத் தள்ளினால் போதும், நாலு விரலும் பதிந்திருக்கும். வளைக்கச் சுகமான தகடு என்பது அதற்கு இருக்கும் ஒரே நற்சான்று. 2024-ஐ ஆல்கிளாட் என்ற தூய அலுமினிய மேற்பூச்சு இல்லாமல் வாங்கினால் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும். பூச்சு இருந்தாலும், அது ஒவ்வொரு பக்கமும் தடிப்பில் 5 சதவீதம்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும். 6061-க்கு அந்தக் கவலை குறைவு. துணி போர்த்தும் இறக்கைக்கு 6061-டி6, 0.020 என்பதுதான் எங்கள் தேர்வு. வான்'ஸ் ஆர்வி வகை விமானங்கள் போல முழுவதும் தகட்டால் கட்டும் இறக்கைக்கு வடிவமைப்பாளர் சொன்ன 2024-டி3 ஆல்கிளாட்தான். அதில் விவாதத்துக்கு இடமே இல்லை, அங்கே தோல் சுமை தாங்குகிறது.

இனி வளைப்பது. 22 மி.மீ. ஆரம் என்பது 0.020 தகட்டுக்குத் தடிப்பைப்போல் 43 மடங்கு. வெடிப்பு விழும் பேச்சே இல்லை. சிக்கல் திரும்பி விரிவதில். தகட்டை 22 மி.மீ. ஆரமுள்ள குழாயில் சுற்றிவிட்டு விட்டால் அது விரிந்து மிக அகலமாக நிற்கும். கணக்குப் போட்டால், கையை எடுத்த பிறகு 22-இல் நிற்க வேண்டுமானால் 2024-டி3-ஐ 27 மி.மீ. விட்டமுள்ள குழாயிலும், 6061-டி6-ஐ 29 மி.மீ. குழாயிலும், 3003-ஹெச்14-ஐ 35 மி.மீ. குழாயிலும் சுற்ற வேண்டும். விட்டம் என்பதைக் கவனியுங்கள், ஆரம் இல்லை. ஒவ்வொரு தகட்டுக் கட்டும் சற்று மாறும் என்பதால், 10 செ.மீ. அகலத் துண்டு ஒன்றை முதலில் சுற்றிப் பார்த்துவிட்டு முழுத் தகட்டில் கை வையுங்கள்.

இதற்கு மெஷின் வேண்டியதில்லை. தகட்டைத் தரையில் விரித்து, வளைவு வர வேண்டிய கோட்டில் குழாயை வைத்து, ஒரு ஓரத்தைத் தூக்கி மடித்து, மேலே நீளப் பலகையைப் போட்டு இருவர் சேர்ந்து அழுத்தினால் வளைவு வந்துவிடும். பலகையின் ஒரு விளிம்பைத் தரைப்பலகையோடு கீலால் பிணைத்துக்கொண்டால் அழுத்தம் நீளம் முழுக்க ஒரே அளவில் விழும். நடுவில் மட்டும் அழுத்தினால் நடுவில் ஆரம் சின்னதாகி, ஓரங்கள் விரிந்து நிற்கும். அதைப் பிறகு சரிசெய்யவே முடியாது. தகட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமலே வளையுங்கள். கோடு போட மார்க்கர் பேனாவே போதும். ஊசியால் கீறினால் அந்தக் கீறலில் பின்னாளில் வெடிப்பு பிறக்கும். பென்சில் வேண்டவே வேண்டாம், அதன் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும்.

முன்கூட்டி வளைக்காமல் ராட்செட் பட்டை போட்டு இழுத்து ரிப்பின் மேல் உட்கார வைக்கிறவர்கள் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். கிட்டே போய், மூக்கை ஒட்டி நீளவாக்கில் கண்ணை வைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு ரிப்பிலும் ஒரு சிறு முகடு, அதன் இரு பக்கமும் லேசான தாழ்வு. தகடு ரிப்பின் முனையில் மட்டும் ஊன்றிக்கொண்டு, நடுவே தன் இஷ்டத்துக்கு நிற்கிறது என்று அர்த்தம். ரிப்பின் முனையை ஒரு மில்லிமீட்டர் அரத்தால் வாங்கிவிட்டால் முகடு மறையும், ஆனால் வடிவம் போயிற்று. தகட்டைக் கழற்றித் திரும்ப வளைப்பதுதான் நேர்வழி.

துணி இழுக்கும் கதைக்கு வருவோம். பாலியெஸ்டர் துணியை இஸ்திரிப் பெட்டி வைத்து 121, 149, 177 டிகிரி செல்சியஸ் என்று படிப்படியாகச் சூடேற்றி இறுக்குவார்கள். கடைசிப் படியில் துணி 10 சதவீத அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். சட்டம் விடாது என்பதால் அந்தச் சுருக்கம் முழுவதும் இழுவிசையாக மாறுகிறது. மூக்கைச் சுற்றி வரும் துணி தகட்டை உள்நோக்கி அழுத்தும். ரிப் இடைவெளி 30 செ.மீ., தகடு 0.016 என்றால், போர்த்திய மறுநாள் மூக்கில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கும்போது ரிப்புகளுக்கு நடுவே வரிசையாகக் குழிவு தெரியும். வண்ணம் அடித்த பிறகு, மாலை வெயில் சாய்வாக விழும்போது இன்னும் பளிச்சென்று தெரியும்.

இதற்கு மருந்து தடித்த தகடு இல்லை, இடைநடுவே மூக்கு ரிப். தட்டையான பட்டை ஒன்று பரவிய சுமையில் எவ்வளவு தொய்கிறது என்பது தாங்கும் புள்ளிகளின் இடைவெளிக்கு நான்காம் படியில் போகும். இடைவெளியைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்கு. மூக்கு தட்டை இல்லை என்பதால் அதே எண் வராது, ஆனால் எந்தப் பக்கம் ஆதாயம் என்பது தெளிவு. 0.016-லிருந்து 0.025-க்குத் தாவி 4 கிலோவுக்குமேல் கூட்டுவதைவிட, ஒவ்வொரு ரிப்புக்கு நடுவிலும் ஸ்பாருக்கு முன்னால் மட்டும் நிற்கும் குட்டி ரிப் ஒன்று போடுவது மேல். 0.020 தகடும் 15 செ.மீ. இடைவெளியும் சேர்ந்தால் குழிவு என்ற பேச்சே எழாது.

தகட்டின் பின் ஓரம் ஸ்பாரின் மேல்தான் முடிய வேண்டும். ஸ்பாருக்கு எட்டாமல் அந்தரத்தில் முடிந்தால் துணி அதைக் கீழே இழுத்து அலையலையாக்கும். வேறு வழியே இல்லையென்றால் ஓரத்தை 5 மி.மீ. உள்பக்கமாக மடித்துவிடுங்கள், அந்த மடிப்பு ஒரு சின்ன உத்தரம்போல் நிற்கும். ஓரங்களில் பிசிர் எடுப்பது, ரிவெட் தலைகள்மேலும் தகட்டு இணைப்புகள்மேலும் உராய்வு தடுக்கும் நாடா ஒட்டுவது ஆகிய இரண்டையும் துணிக்கு முன் முடித்துவிட வேண்டும். விட்டால், அதிர்வில் ஒவ்வொரு ரிவெட் தலையும் துணியை உள்ளிருந்து ரம்பம்போல் அறுக்கும்.

மர ரிப்பின் மேல் அலுமினியத் தகடு போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 3 மீட்டர் நீளத் தகடு, வெயிலுக்கும் குளிருக்கும் 40 டிகிரி வித்தியாசத்தில், 2.8 மி.மீ. நீளும். நார் ஓட்டத்தோடு போகும் மரம் அதே நேரத்தில் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. மிச்சம் 2.3 மி.மீ. எங்கே போகும்? தகடு ரிப்புக்கு நடுவே உப்பி, 'டொக்' என்று உள்ளேயும் வெளியேயும் தாவும், இல்லையென்றால் ஆணித் துளைகளை இழுத்து நீட்டும். நீளத் தகட்டைத் தவிர்த்து, ஒன்றேகால் மீட்டர் துண்டுகளாக வெட்டி, ரிப்பின் மேல் 25 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, மேல் துண்டின் ஓரத்தை இறுக்காமல் விடுவது எளிய வழி. தகடு மரத்தைத் தொடும் இடமெல்லாம் வார்னிஷ் அல்லது பிரைமர் வேண்டும். ஈர மரம் அலுமினியத்தைச் சத்தமில்லாமல் தின்னும்.

பிளைவுட்

மர இறக்கைக்கு, அதுவும் முறுக்கம் தாங்கும் மூக்குக்கு, விமானத் தர பர்ச் மரப் பிளைவுட்டை மிஞ்சிய பொருள் கைக்கு எட்டும் விலையில் இல்லை என்பது எங்கள் கருத்து. 1.5 மி.மீ. பர்ச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், 0.016 தகட்டைவிட லேசு, ஆனால் தடிப்பு நாலு மடங்குக்குக் கிட்ட. விரல் ஊன்றினால் தடம் விழாது. துணி இழுத்தாலும் குழியாது. ஒரு ரிப் தளர்ந்தால்கூட மூக்கின் கோடு நேராகவே நிற்கும்.

குறை, அந்த 22 மி.மீ. உலர்ந்த பிளைவுட்டைச் சுமாராகத் தடிப்பின் 50 மடங்கு ஆரம்வரை முறியாமல் வளைக்கலாம். 1.5 மி.மீ. பலகைக்கு அது 75 மி.மீ.; 0.8-க்கு 40. இரண்டுமே நமக்கு எட்டாது. வெந்நீரில் ஊறப்போட்டால் கதை மாறும். 0.8 மி.மீ. பலகை 22-க்குத் தாராளமாக வரும். 1.5 எல்லையில் நிற்கும். ஒரு துண்டு வளையும், அடுத்த துண்டு வெளி அடுக்கில் மெல்லிய கோடாக வெடிக்கும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் ஏ.சி. 43.13-1பி கையேட்டில் தடிப்பு வாரியாக வளைவு ஆரப் பட்டியல் இருக்கிறது. பலகை வாங்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

இதைச் சுற்றிப்போக இரண்டு வழிகள். முதல் வழியில், மூக்கு நுனிக்கு ஸ்ப்ரூஸ் மரச் சட்டம் ஒன்றை நீளவாக்கில் ஓட்டி, இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் வடிவம் கொடுத்து, பிளைவுட்டை அதன் மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒட்டி முடித்துவிடுவது. கூர்மையான வளைவு முழுவதும் சட்டத்தில் வந்துவிடும். பலகைக்கு இலேசான வளைவுதான் மிச்சம். 40-க்கு 25 மி.மீ. சட்டம், செதுக்கியது போக, 8 மீட்டருக்கு 2.5 முதல் 3 கிலோ கூட்டும். பலகை, சட்டம், பசை, வார்னிஷ் எல்லாம் சேர்த்தால் 10 கிலோவைத் தாண்டும்; 0.020 தகட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கல் தெறித்தாலும் பறவை மோதினாலும் முதல் அடி திண்ணென்ற மரத்தில் விழும் என்பது இதன் உபரி லாபம்.

இரண்டாம் வழி, 0.8 மி.மீ. பலகையை இரண்டு அடுக்காகச் சுற்றுவது. எடை குறையும், வடிவமும் சுத்தமாக வரும். வேலை இரட்டிப்பு, அடுக்குகளுக்கு நடுவே காற்றுக் குமிழ் நின்றுவிட்டால் பிறகு கண்டுபிடிப்பதும் பாடு. முதல்முறை கட்டுகிறவருக்குச் சட்டம் வைத்த வழியையே சொல்வோம்.

நார் ஓட்டத்தின் திசை அழகுக்காகச் சொல்வதில்லை. முறுக்கம் தாங்கும் மூக்கில் வெளி அடுக்கின் நார் ஸ்பாருக்கு 45 டிகிரியில் ஓட வேண்டும். முறுக்கத்தால் வரும் வெட்டுச் சுமை சாய்வுவாக்கில்தான் இழுக்கும், தள்ளும். சாதா பலகையை 45 டிகிரியில் வெட்டினால் சிறு துண்டுகளே கிடைக்கும், கழிவும் அதிகம். வெளி நாரே 45 டிகிரியில் ஓடும்படி செய்த பலகையும் விற்கிறார்கள். விலை கூடினாலும் கழிவையும் இணைப்புகளையும் கணக்கில் எடுத்தால் நஷ்டமில்லை. இணைப்பு என்றால் சாய்வு இணைப்புதான், 12-க்கு 1 சரிவில். 1.5 மி.மீ. பலகைக்கு அது 18 மி.மீ. அகலம். இரு பலகைகளைப் படிப்படியாக அடுக்கி வைத்து, ஒரே நேரத்தில் உப்புத்தாள் ஒட்டிய கட்டையால் தேய்த்தால் சரிவு சீராக வரும். பசைக்கோடுகள் ரிப்புக்கு நேராகவே அமைய வேண்டும்.

மரவேலை தெரிந்தவர்களும் வழுக்குகிற இடம் ஒன்று: ஊறவைத்த பலகையை வளைத்த கையோடு பசை போட்டு ஒட்டிவிடுவது. ஈர மரத்தில் எபாக்சி சரியாகப் பிடிக்காது. சரியான வரிசை இது: ஊறவை, அச்சின் மேலோ மூக்கின் மேலோ வளைத்துப் பட்டை கட்டு, ஒரு முழு நாளாவது காயவிடு, கழற்று, ஒட்டும் இடத்தை 80-ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேய், பிறகு பசை. அந்தத் தேய்ப்பை விடக்கூடாது. சூட்டு அழுத்தத்தில் செய்த பலகையின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மூடியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பசையும் உள்ளே இறங்காது.

பசையில் டி-88 எபாக்சி கட்டுகிறவரின் தவறுகளை அதிகம் பொறுக்கும்: குறைந்த அழுத்தம் போதும், சிறு இடைவெளியை நிரப்பும், 2 டிகிரி செல்சியஸ்வரை குளிரிலும் இறுகும். மெதுவாகத்தான் இறுகும் என்பதால் அவசரக்காரர்களுக்கு ஆகாது. அதற்குத் தலைகீழ் 'ரிசார்சினால்' என்ற பசை. சூட்டுக்கும் நீருக்கும் அசையாது. ஆனால் இடைவெளி இல்லாத பொருத்தமும், நல்ல அழுத்தமும், 21 டிகிரிக்கு மேல் வெப்பமும் இல்லாவிட்டால் பிடிப்பே இருக்காது. 1.5 மி.மீ. பலகையை ரிப்போடு அந்த அளவு அழுத்திப் பிடிக்க வீட்டுப் பட்டறையில் வழி குறைவு. எங்கள் வாக்கு டி-88-க்கு. கிளாம்ப் எட்டாத இடத்தில் 6 மி.மீ. அகல மரப்பட்டையை மேலே வைத்து, அதன் வழியாக ஸ்டேபிள் அடித்து, பசை இறுகியதும் பட்டையோடு பிடுங்கிவிடலாம். பட்டையின் கீழே ஒட்டாத நாடா போட மறந்தால் பட்டையும் இறக்கையின் அங்கமாகிவிடும்.

மூடுமுன் உள்பக்கம் முழுக்க வார்னிஷ் வேண்டும், பசை விழும் கீற்றுகளை மட்டும் நாடா ஒட்டி விட்டுவிட வேண்டும். வெளியில் துணி ஒட்டும் இடங்களுக்கு எபாக்சி வார்னிஷே. சாதா வார்னிஷைத் துணிப் பசையிலுள்ள கரைப்பான் கூழாக்கிவிடும். ஒவ்வொரு அறைக்கும் தாழ்வான மூலையில் நீர் வடிய ஒரு துளை. விமானம் நிற்கும் நிலையில் எது தாழ்வு என்று பாருங்கள். வால் சக்கர விமானத்துக்கும் மூக்குச் சக்கர விமானத்துக்கும் அந்த மூலை வேறு வேறு.

பலகை வாங்கும்போது மெல்லியதை விளக்குக்கு எதிரே பிடித்தால் உள் அடுக்கின் இடைவெளி வெளிச்சக் கோடாகத் தெரியும். ஓரத்துண்டு ஒன்றைக் கொதிநீரில் மூன்று மணி நேரம் போட்டு, அடுக்கு பிரிகிறதா என்று பார்க்கலாம். அது பசையின் தரத்தைச் சொல்லும், மரத்தின் தரத்தைச் சொல்லாது. அதனால் தளவாடப் பலகை இந்தச் சோதனையில் தேறிவிட்டதே என்று இறக்கையில் ஏற்றிவிட வேண்டாம்.

ஃபோமும் ஃபைபர்கிளாஸும்

அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் வேரி-ஈஸி விமானம் 1975-இல் பறந்த பிறகுதான் இந்த வழி வீட்டுப் பட்டறைகளுக்குள் வந்தது. சூடேற்றிய கம்பியால் பாலிஸ்டைரீன் ஃபோமை இறக்கை வடிவில் அறுத்து, மேலே கண்ணாடித் துணியும் எபாக்சியும். வடிவத் துல்லியத்தில் மற்ற இரண்டும் இதன் கிட்டே நெருங்க முடியாது. நீளம் முழுக்க மூக்கு ஒரே கோடு, ரிப் முகடு கிடையாது.

ஆனால் இதை அப்படியே எடுத்து, ரிப்பும் ஸ்பாருமாக நிற்கும் இறக்கையின் மூக்கில் மட்டும் பொருத்துகிறவர்கள் எடையைப் போட்டுப் பார்ப்பதில்லை. நம் மாதிரி இறக்கையின் மூக்கை முழுக்க ஃபோமால் நிரப்பினால் சுமார் 0.35 கன மீட்டர். கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தியுள்ள ஃபோம் 11 கிலோ. இரண்டு அடுக்கு 300 கிராம் துணி, ரெசினோடு 7 கிலோ. ஃபோமின் துளைகளை மூடும் மைக்ரோபலூன் (நுண்ணிய உள்ளீடற்ற மணிகள்) கலவை ஏறக்குறைய 2 கிலோ. மொத்தம் 20; மூக்கு ரிப்புகள் இல்லாததைக் கழித்தாலும் தகட்டைப்போல் இரு மடங்குக்குக் குறையாது. அதுவும் ஸ்பாருக்கு முன்னால் ஏறும் எடை. முழு இறக்கையும் ஃபோம் உள்ளீட்டில் நிற்கும் வடிவமைப்புக்கு இது அருமையான பொருள். துணி இறக்கைக்கு இரவல் வாங்க வேண்டாம்.

துணி இறக்கையில் வேறு சிக்கலும் உண்டு. 177 டிகிரி இஸ்திரிப் பெட்டி மெல்லிய கண்ணாடித் தோலின் மேல் ஊர்ந்தால், கீழே 100 டிகிரிக்கு முன்பே இளகும் பாலிஸ்டைரீன் உருகிப் பின்வாங்கும். தோல் அப்படியே இருப்பதுபோல் தெரியும்; நாணயத்தால் தட்டினால் 'டக்' என்பதற்குப் பதில் 'தொப்' என்று கேட்கும். துணிப் பசையின் கரைப்பான் ஊசித்துளை வழியாக இறங்கினாலும் இதே கதி. பெட்ரோலும் பாலியெஸ்டர் ரெசினும் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். எபாக்சி மட்டுமே ஒத்துவரும். பாலியூரித்தேன் ஃபோம் கரையாது, ஆனால் அதைச் சூட்டுக் கம்பியால் அறுக்கவே கூடாது, வரும் புகை நஞ்சு. பொட்டலம் கட்டும் தெர்மோகோலும் கட்டுமானக் கடையின் நீல ஃபோமும் ஒரே பாலிஸ்டைரீன்தானே என்று கேட்பார்கள். முதலாவது மணி மணியாக ஒட்டிய பொருள், தோல் ஒட்டினால் மணியோடு உரிந்து வரும். வேண்டியது பிழிந்து எடுத்த வகை.

கம்பியால் அறுக்கும்போது பிசகு நடக்கும் இடமும் மூக்குதான். இரு முனையிலும் அச்சுத் தகடு வைத்து, இருவர் கம்பியை இழுக்கிறார்கள். மூக்கின் வளைவில் இருவரும் இயல்பாக வேகத்தைக் குறைப்பார்கள். கம்பி அங்கே அதிக நேரம் நின்று ஃபோமைக் கூடுதலாகத் தின்னும். கம்பியின் நடுப்பகுதி எப்போதும் முனைகளுக்குப் பின்தங்கியே வரும். வளைவில் அந்தப் பின்தங்கல் மூக்கின் நடுவைச் சற்றே அரிக்கும். அச்சில் எண் குறித்து, இருவரும் உரக்கச் சொல்லிக்கொண்டே நகர்வதும், கம்பியை நன்றாக இறுக்கி மெதுவாக இழுப்பதும் இதற்காகத்தான். அறுத்த துண்டின் நடுவில் நேர்ச்சட்டம் வையுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் என்றால் மைக்ரோபலூன் கலவையால் நிரப்பி ஒப்பேற்றாமல் இன்னொன்று அறுங்கள். ஃபோம் மலிவு, நிரப்புப் பொருள் கனம்.

அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் வகையாக இருக்கலாம். கருநீலமோ சிவப்போ அடித்து வெயிலில் நிறுத்தினால் தோல் அந்த வெப்பத்தை எளிதில் தொட்டுவிடும். இந்த வகை விமானங்கள் எல்லாம் வெள்ளையாக இருப்பது ரசனைக் குறைவால் அல்ல.

கார்பன் துணி போட்டால் இன்னும் லேசாகுமே என்றால், ஆகும். அலுமினியத்தோடு அது தொடும் இடமெல்லாம் அலுமினியம் அரிக்கப்படும். நடுவே ஒரு அடுக்கு கண்ணாடித் துணி கட்டாயம்.

மற்றவை

அச்சகத்தில் பயன்படுத்திய லித்தோ தகடு: 0.3 மி.மீ. வரை தடிப்பு, கிட்டத்தட்ட தூய அலுமினியம். மிக லேசான அல்ட்ராலைட்டுக்கு, நெருக்கமான மூக்கு ரிப்போடு மட்டும். பி.வி.சி. குழாயைப் பிளந்து மூக்காக மாட்டும் யோசனை அடிக்கடி தலைகாட்டும். கனம், குளிரில் நொறுங்கும், வெயிலில் தொய்யும். வேண்டாம். வெறும் அலுமினியக் குழாயே முன்விளிம்பாக இருந்து பாய்மரத் துணி சுற்றி வரும் வகையில் பொருள் தேர்வு என்று ஒன்று இல்லவே இல்லை. குழாயின் விட்டமும் சுவர்த் தடிப்பும் வடிவமைப்பாளர் சொன்னதுதான்.

மேலே ஒட்டும் காப்பு நாடா

மழைத்துளியும் மணலும் முதலில் அரிப்பது மூக்கின் வண்ணத்தை. தெளிந்த பாலியூரித்தேன் நாடா இதற்கு நல்ல தடுப்பு. 0.2 மி.மீ. போதும், 0.36 என்றால் ஓரத்தில் படி தெரியும். லாமினார் ஓட்டத்தை (கலையாமல் அடுக்கடுக்காக வழுக்கும் காற்று) நம்பும் இறக்கை வடிவங்களுக்கு அந்தப் படிகூடக் காற்றோட்டத்தைக் கலைக்கும். ரூட்டனின் விமானங்களில் முதலில் இருந்த ஜி.யூ. வகை முன்சிறகு (விமானத்தின் முன்பக்கம் இருக்கும் சிறு இறக்கை) மழையில் நனைந்தாலே தூக்கு விசையை இழந்து, விமானத்தின் மூக்கைத் தாழ்த்தும். பின்னர் ஜான் ராங்க்ஸ் வடிவமைத்த 1145எம்.எஸ். என்ற வடிவம் அதன் இடத்துக்கு வந்ததற்கு இதுதான் காரணம். ஒரு படலம் தண்ணீர் அவ்வளவு செய்யும் என்றால் தூக்கிக்கொண்டு நிற்கும் நாடா ஓரமும் செய்யும். வண்ணம் முழுதாக இறுகாத மூக்கில் ஒட்டினால் அடியிலிருந்து வரும் கரைப்பான் ஆவி குமிழ்களாக நிற்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் தள்ளி ஒட்டுங்கள். இரு இறக்கையிலும் ஒரே அகலம், ஒரே இடம். ஒன்றில் மட்டும் ஒட்டிப் பறந்தால் ஸ்டாலில் எந்த இறக்கை முதலில் விழும் என்பதை நாடா முடிவு செய்யும்.